கே.கே. நகர் வரலாற்று உரைகள்: அயர்லாந்து 1848

மதுரை கே.கே. நகரில் ஒரு மாடிக் கூடத்தில் சனிக்கிழமை மாலைகளில் கட்டணம் பெற்று நடத்தப்படும் வரலாற்று உரைகளின் வரிசையில், பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான அயர்லாந்தின் 1848 எழுச்சியைப் பற்றிய தொடர் அண்மையில் நிறைவுற்றது. 400 ரூபாய்க்கு அது தகும் என்பதே என் கருத்து. ஆயினும் முதல் உரையோடு எழுந்து போனவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். சுமார் பத்து லட்சம் பேரைப் பலிகொண்ட உருளைக்கிழங்குப் பஞ்சத்தைப் பேச்சாளர் பள்ளிப் பாடம்போல் ஒப்பித்துக் கடந்தார். தாது வருஷப் பஞ்சம் இன்னும் பேச்சு வழக்கில் இருக்கும் ஊரில் அதைப் பற்றி ஒரு வார்த்தைகூட வராதது வியப்பளித்தது.

எழுச்சியோ சில மணி நேரத்தில் முடிந்துபோனது. விசாரணையின்றிச் சிறையிடும் அதிகாரத்தை அரசு பெற்றுவிட்டதால், ஆயத்தம் முடியாத நிலையிலேயே எழுச்சியின் தலைவர் வில்லியம் ஸ்மித் ஓ'பிரையன் களம் இறங்க நேர்ந்தது. ஜூலை 29 அன்று டிப்பரரி மாவட்டத்துப் பாலிங்கரியில், குழந்தைகள் இருந்த ஒரு கைம்பெண்ணின் வீட்டுக்குள் புகுந்துகொண்ட காவலர்களை அவரால் வெளியேற்ற முடியவில்லை. துப்பாக்கிச் சூட்டில் கிளர்ச்சியாளர் இருவர் இறந்தனர், கூட்டம் கலைந்தது. பட்டினி கிடந்தவர்களிடமே பிறர் உடைமையைத் தொடக்கூடாது என்று அவர் விதித்த கட்டுப்பாடு தோல்விக்கு எவ்வளவு காரணம் என்பதைப் பேச்சாளர் நன்றாக அலசினார்.

கொடுத்த பணத்துக்கு நிறைவு தந்தவை பிந்தைய உரைகளே. மரண தண்டனையை நாடுகடத்தலாகக் குறைப்பதைத் தலைவர்கள் ஏற்க மறுத்ததால், 1849இல் அதற்கென்றே ஒரு சட்டம் இயற்றி அவர்களை இன்றைய டாஸ்மேனியாவுக்கு அனுப்பியதை இங்கேதான் அறிந்தேன். அங்கிருந்து தப்பிய டெரன்ஸ் மக்மானஸ் 1861இல் சான் பிரான்சிஸ்கோவில் இறக்க, அவருடைய உடலை டப்ளினுக்குக் கொண்டுவந்து ஃபீனியர்கள் என்னும் அயர்லாந்து விடுதலை இயக்கத்தினர் நடத்திய இறுதி ஊர்வலம், தோற்ற எழுச்சி அடுத்த தலைமுறையின் இயக்கத்துக்கு ஆள் சேர்த்ததைக் காட்டியது. பாலிங்கரியில் காயம்பட்ட ஜேம்ஸ் ஸ்டீபன்ஸ்தான் அவ்வியக்கத்தை 1858இல் தொடங்கியவர்.

சிவகங்கைப் பெரியவர் ஒருவர், சின்ன மருதுவின் மகன் துரைச்சாமி 1802இல் பினாங்குக்கு நாடுகடத்தப்பட்டதை நினைவூட்டி ஒப்பிடச் சொன்னார். ஓ'பிரையன் நாடாளுமன்ற உறுப்பினர், நிலக்கிழார் குடும்பத்தவர், 1854இல் நிபந்தனையோடு விடுதலையும் பெற்றவர். திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்ட மருதிருவருக்கு விசாரணை என்று சொல்லத்தக்க எதுவுமே கிடைக்கவில்லை என்று பேச்சாளர் மழுப்பாமல் பதிலளித்தார். தொடரின் சிறந்த பகுதி இதுவே.

வரைபடம் ஒன்றை அச்சிட்டுத் தந்திருக்கலாம். ஊர்ப்பெயர்கள் காதோடு நின்றுவிட்டன. கேள்வி நேரத்தையும் பத்து நிமிடத்தில் அடக்கிவிடுகிறார்கள். சாலைப் பக்கச் சன்னலருகே அமர்ந்தால் பேருந்து ஒலிப்பானில் பாதி உரை போய்விடும் என்பதால், புதிதாகச் சேர்பவர்கள் சற்று முன்னதாகவே போய் முன்வரிசையில் இடம் பிடிப்பது நல்லது.