ஒருவர் உட்கார நால்வர் எழ வேண்டிய பேருந்து: சிறுவர்களுக்கான வரலாற்றுப் பெட்டி ஒன்றின் மதிப்புரை

அமெரிக்கக் கறுப்பின மக்களின் குடிமை உரிமைப் போராட்ட வரலாற்றைக் கொண்டு, 7 முதல் 11 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு நியாயம் பற்றிக் கற்பிக்கும் பெட்டி ஒன்றை, ஜனவரியில் மார்ட்டின் லூதர் கிங் விடுமுறைக்கு முந்தைய வாரம் 42 டாலர் கொடுத்து வாங்கினேன். என் மகளுக்கு ஒன்பது வயது, மகனுக்கு ஏழு. ஆறு சனிக்கிழமைகள் மூவரும் அதனுடன் உட்கார்ந்தோம். குறைகளைத் தயாரிப்பாளர்களுக்குத் தனியே எழுதி அனுப்பிவிட்டதால், நிறுவனத்தின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. பெட்டிக்குள் 20 படச் சீட்டுகள், மடித்து விரிக்கும் பேருந்து வரைபடத் தாள் ஒன்று, காலக்கோட்டுத் துணிப் பட்டை, நிறக் கைப்பட்டைகள், பெற்றோருக்கான கையேடு ஆகியவை உள்ளன.

பேருந்துத் தாளுக்காக மட்டுமே கூட இந்தப் பெட்டியை வாங்கலாம். அலபாமா மாநிலத்தின் மாண்ட்கோமெரி நகரப் பேருந்தின் உட்புறம் அதில் வரையப்பட்டிருக்கிறது. முன்னால் வெள்ளையருக்கென ஒதுக்கிய 10 இருக்கைகள், பின்னால் கறுப்பினத்தவரின் இருக்கைகள், இரண்டுக்கும் இடையே ஓட்டுநர் விருப்பம்போல் முன்னும் பின்னும் நகர்த்தக்கூடிய சிறு அட்டைப் பலகை. பலகை எங்கே நிற்கிறதோ அதுவே எல்லை. ஆண், பெண் பொம்மைகளை ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டே வந்தபோது, கறுப்பினப் பயணி முன்வாசலில் ஏறிக் கட்டணத்தைச் செலுத்திவிட்டு, மீண்டும் கீழே இறங்கிப் பின்வாசல் வழியாக ஏற வேண்டிய கட்டம் வந்தது. மகன் பொம்மையைக் கையில் பிடித்தபடியே, "காசு வாங்கும்போது முன்னாடி வரலாம், உக்கார மட்டும் வரக்கூடாதா?" என்று கேட்டான். அதற்குப் பிறகு 1955 டிசம்பர் 1 மாலையின் காட்சியை அமைத்தோம். வெள்ளையர் பகுதி நிரம்பிவிடுகிறது. ஒரே ஒரு வெள்ளையர் நிற்கிறார். இரு இனத்தவரும் ஒரே வரிசையில் அமரக்கூடாது என்பதால், அவர் ஒருவருக்காக அந்த வரிசையில் இருந்த நால்வரும் எழ வேண்டும் என்கிறார் ஓட்டுநர். மூவர் எழுகிறார்கள். ரோசா பார்க்ஸ் எழவில்லை. கணக்கில் கெட்டிக்காரியான என் மகளுக்கு இந்த 'ஒன்றுக்கு நான்கு' என்ற விகிதம்தான் உறைத்தது. கெட்ட மனிதர் ஒருவரால் நேர்ந்த தொல்லை அல்ல இது, எழுதிவைத்து நடைமுறைப்படுத்திய விதி என்பதை நான் விளக்கவே வேண்டியிருக்கவில்லை.

இத்தனை நல்ல தாளுக்கு அருகில் இவ்வளவு மோசமான சீட்டை எப்படி வைத்தார்கள் என்று தெரியவில்லை. ரோசா பார்க்ஸின் சீட்டில், வேலை முடிந்து களைத்திருந்த தையற்காரி ஒருவர் எழ மறுத்தார், நாடே மாறியது என்று இருக்கிறது. அவர் தையல் வேலை செய்தவர் என்பது உண்மைதான். ஆனால் அப்போதே பல ஆண்டுகளாக, கறுப்பினத்தவரின் முன்னேற்றத்துக்கான தேசியச் சங்கத்தின் மாண்ட்கோமெரிக் கிளைச் செயலாளராகப் பணியாற்றி வந்தவர் அவர். அந்த ஆண்டு கோடையில்தான் டென்னசியிலுள்ள ஹைலாண்டர் பள்ளியில் நடந்த பயிற்சிப் பட்டறைக்குப் போய் வந்திருந்தார். உடல் களைப்பினால் தான் எழாமல் இருக்கவில்லை என்று பின்னாளில் அவரே மறுத்திருக்கிறார். அதன் பின் 381 நாள் நீண்ட பேருந்துப் புறக்கணிப்பும் சீட்டில் ஒரே வரியில் முடிந்துவிடுகிறது. பல்லாயிரம் துண்டறிக்கைகளை ஓரிரவில் அச்சடித்த ஆசிரியை ஜோ ஆன் ராபின்சன் இல்லை. பேருந்துக்கு மாற்றாகக் குறித்த இடங்களில் ஆட்களை ஏற்றி இறக்கிய சுமார் 300 கார்கள் இல்லை. 25 மைல் எல்லையில் 30 மைல் வேகத்தில் ஓட்டினார் என்று மார்ட்டின் லூதர் கிங்கையே காவல்துறை பிடித்துச் சென்ற கதையும் இல்லை. பிள்ளைகளுக்கு இவையெல்லாம் சுமை என்று தயாரிப்பாளர்கள் நினைத்திருக்கலாம். எங்கள் வீட்டில் நடந்தது வேறு: அந்தக் கார்களைப் பற்றி நான் சொல்லத் தொடங்கியதும், எந்தக் கார் யாரை எங்கே ஏற்ற வேண்டும் என்று இருவரும் தாளின் பின்புறத்தில் அரை மணி நேரம் வழித்தடம் வரைந்துகொண்டிருந்தார்கள்.

மூன்றாம் வாரம் வரும் பள்ளிக்கூடச் சீட்டுகள் பெட்டியின் மிகக் கடினமான பகுதி. நான் அதிகம் பாராட்டுவதும் அதைத்தான். 1896இல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட 'தனித்தனி, ஆனால் சமம்' என்ற கொள்கையைக் கையேடு முதலில் பிள்ளைகளிடமே நியாயமானதுபோல் முன்வைக்கச் சொல்கிறது. என் மகள் அதை உடனே ஒப்புக்கொண்டாள். இரண்டு பள்ளியும் ஒரே மாதிரி இருந்தால் யாருக்கு என்ன நட்டம் என்பது அவள் வாதம். வழக்கமான பாடங்கள் இந்த இடத்தில் கிழிந்த புத்தகங்களையும் ஒழுகும் கூரையையும் காட்டித் தப்பித்துவிடும். இந்தப் பெட்டி கான்சாஸ் மாநிலத்தின் டொபீகா நகரை எடுத்துக்கொள்கிறது. அங்கே இருவகைப் பள்ளிகளும் கட்டடம், பாடத்திட்டம், ஆசிரியர் தகுதி ஆகியவற்றில் ஏறத்தாழ சமம் என்றே கீழ் நீதிமன்றம் கண்டது. ஆனாலும் லிண்டா பிரவுன் என்ற சிறுமி, வீட்டுக்குப் பக்கத்திலிருந்த பள்ளியை விட்டுவிட்டு, இரயில் பாதைகளைக் கடந்து நடந்து, பிறகு பேருந்தேறித் தொலைவிலிருந்த பள்ளிக்குப் போக வேண்டியிருந்தது. அடுத்த சீட்டில் கென்னத், மேமி கிளார்க் தம்பதியரின் பொம்மைச் சோதனை. நிறம் மட்டும் மாறுபட்ட பொம்மைகளைக் காட்டி எது நல்ல பொம்மை என்று கேட்டபோது, கறுப்பினக் குழந்தைகளிலேயே பெரும்பான்மையோர் வெள்ளைப் பொம்மையைத் தேர்ந்தெடுத்தார்கள் என்ற செய்தியைப் படித்து முடித்ததும், மகள் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அப்போ பிரிச்சு வச்சதே தப்புதானே" என்றாள். பள்ளிகளில் இனப்பிரிவினை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் அளித்த 1954 மே 17 தீர்ப்பின் சாரத்தைத் தானாகவே கண்டடைந்த பிறகு அவள் அந்தச் சீட்டைத் திருப்பினாள்.

ரூபி பிரிட்ஜஸ் சீட்டும் தரமாக இருக்கிறது. 1960 நவம்பர் 14 அன்று நியூ ஆர்லியன்ஸ் நகரின் வில்லியம் ஃபிரான்ட்ஸ் தொடக்கப்பள்ளிக்குள் மத்திய அரசின் காவலர்கள் சூழ நுழைந்த ஆறு வயதுச் சிறுமியையும், அந்த ஆண்டு முழுவதும் அவள் ஒருத்திக்கே பாடம் நடத்திய பார்பரா ஹென்றியையும் மிகையில்லாமல் சொல்கிறார்கள். "ரூபியாக இருந்திருந்தால் நீ என்ன உணர்ந்திருப்பாய்?" என்ற கேள்வி மட்டும் சலிப்பூட்டுகிறது. மகனின் கேள்வி அதைவிடக் கூர்மையானது: படத்தின் ஓரத்தில் வாய் திறந்து கத்தும் பெண்களைக் காட்டி, "இவங்க யாரோட அம்மா?" என்றான். அவர்களும் தம் பிள்ளைகளுக்கு எது நியாயம் என்று நினைத்தார்கள் என்பதைப் பற்றிப் பேசக் கையேட்டில் ஒரு பத்தியாவது இருந்திருக்க வேண்டும்.

கைப்பட்டை விளையாட்டை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். பச்சைப் பட்டை அணிந்தவருக்கு ஒரு மணி நேரம் எல்லாவற்றிலும் முன்னுரிமை, மஞ்சள் அணிந்தவருக்கு எதுவும் கிடையாது, பிறகு பட்டையை மாற்றிக்கொள்ள வேண்டும். முதல் பத்து நிமிடத்திலேயே மகன் அழுதுவிட்டான். மகளுக்கோ பச்சைப் பட்டை பிடித்துப்போயிற்று. மாற்றும் நேரம் வந்தபோது அதைக் கழற்ற மறுத்தாள். இதுவும் ஒரு பாடம்தானே என்று கையேடு சொல்லக்கூடும். ஆனால் தலைமுறை தலைமுறையாக மக்கள் அனுபவித்ததை ஒரு மணி நேர விளையாட்டால் உணர்த்திவிட முடியும் என்ற எண்ணமே எனக்கு உறுத்தலாக இருக்கிறது. வகுப்பறையில், அதிலும் கறுப்பினப் பிள்ளைகள் இருக்கும் வகுப்பில், இதை நடத்துவதை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

வன்முறையைச் சொல்லும் விதத்திலும் தடுமாற்றம் தெரிகிறது. 1963 மே மாதம் அலபாமாவின் பர்மிங்ஹாமில் பள்ளிப் பிள்ளைகள் நூற்றுக்கணக்கில் ஊர்வலமாகப் போனதைச் சொல்லும் சீட்டு, அவர்கள்மீது பாய்ச்சிய தீயணைப்பு நீரையும் ஏவிய நாய்களையும் விட்டுவிட்டு, "நகரம் அவர்கள் குரலைக் கேட்டது" என்று முடிகிறது. எந்த விலை கொடுத்துக் கேட்க வைத்தார்கள் என்பதை மறைத்த பிறகு அந்த வாக்கியத்துக்குப் பொருளே இல்லை. நீரைப் பற்றி இருவரிடமும் சொன்னேன். அதே ஆண்டு செப்டம்பரில் அங்கே தேவாலயக் குண்டுவெடிப்பில் நான்கு சிறுமிகள் கொல்லப்பட்டதை மகளிடம் மட்டும், தனியாக, பகல் நேரத்தில் சொன்னேன். இந்த முடிவைப் பெற்றோர் தாமே எடுக்க வேண்டியதுதான். ஆனால் எதை எந்த வயதில் எப்படிச் சொல்லலாம் என்று கையேடு கை கொடுத்திருக்கலாம். 1964 குடிமை உரிமைச் சட்டமும் 1965 வாக்குரிமைச் சட்டமும் இரண்டு சீட்டுகளில் அவசரமாக வந்துபோகின்றன.

பொருளின் தரம் பற்றியும் சொல்ல வேண்டும். சீட்டுகள் தடிமனானவை, எண்ணெய்க் கை பட்டும் கெடவில்லை. பேருந்துத் தாள் மடிப்புகளில் நான்காம் வாரமே கிழியத் தொடங்கியது, ஒட்டுநாடா போட்டிருக்கிறேன். காலக்கோட்டுத் துணியில் சீட்டுகளைச் செருகும் பைகள் உறுதியாக இருக்கின்றன. 20 சீட்டுகளுக்கு 22 பைகள் தைத்திருப்பது கவனக்குறைவா, பிள்ளைகள் தாமே சேர்க்கட்டும் என்ற எண்ணமா என்று கையேட்டில் இல்லை.

அதில் ஒன்றை நாங்கள் நிரப்பிவிட்டோம். ரோசா பார்க்ஸுக்கு ஒன்பது மாதங்கள் முன்னதாக, 1955 மார்ச் 2 அன்று, அதே நகரத்தில் பள்ளி விட்டு வரும் வழியில் எழ மறுத்துக் கைவிலங்கிடப்பட்டவர் 15 வயது கிளாடெட் கால்வின்; பேருந்துப் பாகுபாட்டை முடிவுக்குக் கொண்டுவந்த வழக்கில் மனுதாரர்களாக நின்ற நான்கு பெண்களில் அவரும் ஒருவர். பெட்டியில் எங்குமே அவர் பெயர் இல்லை. பழைய காலண்டர் அட்டையை வெட்டி மகள் எழுத, மகன் படம் வரைந்தான். மூக்குக் கண்ணாடி மட்டும் முகத்தைவிடப் பெரிதாகிவிட்டது. ரோசா பார்க்ஸ் சீட்டை ஒரு பை தள்ளி வைத்துவிட்டு, அதற்கு முந்தைய பையில் செருகியிருக்கிறார்கள்.