மாட்டுத்தாவணி பிசியோதெரபி நிலையம்: கை பக்குவமானது, நேரம்தான் ஒத்துவரவில்லை

ஹீமோபிலியா (ரத்தம் சரியாக உறையாத நோய்) உள்ள பையனுக்கு முழங்கால் நீட்ட வரவில்லை என்றால், மதுரைப் பக்கத்தில் பலர் முதலில் தேடிப் போவது சுளுக்கு வழிக்கிறவரைத்தான். தயவுசெய்து போகாதீர்கள். அழுத்தி நீவினால் தசையிலும் மூட்டிலும் மறுபடி ரத்தம் கசியும். மாட்டுத்தாவணி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், மாடியில் இருக்கும் இந்த நிலையத்துக்கு நம்பி அனுப்பலாம்.

காலைத் தொடுவதற்கு முன்பே பிசியோ கேட்டுவிடுகிறார்: கடைசியாக எப்போது ரத்தம் கட்டியது, ஃபேக்டர் (ரத்தம் உறைய உதவும் புரத ஊசி மருந்து) எத்தனை மணிக்கு, எத்தனை யூனிட் போட்டது, இன்ஹிபிட்டர் (ஃபேக்டரை வேலை செய்யவிடாமல் உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருள்) இருக்கிறதா. பிறகு புறங்கையை இரண்டு முழங்காலிலும் மாற்றி மாற்றி வைத்துச் சூடு பார்க்கிறார். ஒரு பக்கம் சூடாகவோ வீங்கியோ இருந்தால் அன்று சிகிச்சை இல்லை. துணியில் சுற்றிய ஐஸ் வைத்து டாக்டரிடம் அனுப்பிவிடுகிறார். தொடை இடுக்கில் வலி, காலை நீட்ட முடியவில்லை, தொடையின் முன்பக்கம் மரத்துப்போகிறது என்றாலும் அப்படித்தான். அது இடுப்புக்கு உள்ளே இருக்கும் சோவாஸ் தசையில் ரத்தக்கட்டாக இருக்கலாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

சூடு இல்லையென்றால் மூட்டின் கோணம் அளக்கும் கோனியோமீட்டரில் எத்தனை டிகிரி மடங்குகிறது, எவ்வளவு நீள்கிறது என்று அளந்து குறிக்கிறார். முழங்காலுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து, கணுக்காலுக்கு மேல் பிடித்து, காலின் போக்கிலேயே மெதுவாக இழுத்துச் சில விநாடி நிறுத்தி விடுகிறார். அடுத்து முழங்கால் சில்லைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்து மேலும் கீழும், பக்கவாட்டிலும் நகர்த்துகிறார். மூட்டை அசைப்பதைப் படிப்படியாகப் பிரிக்கும் மெயிட்லண்ட் முறையில் மென்மையான முதல் இரண்டு கிரேடுதான். மூட்டு முட்டுகிற இடம் வருமுன்பே கை நின்றுவிடுகிறது. சொடுக்கு எடுப்பது அறவே கிடையாது. அடிக்கடி ரத்தம் கசிந்த மூட்டின் உட்சவ்வு தடித்து, ரத்தக்குழாய் நிறைந்து கிடக்கும். அது நசுங்கினால் மறுபடி கசிவுதான். கசிந்த ரத்தத்தின் இரும்பு தேங்கத் தேங்கக் குருத்தெலும்பு அரிக்கும். அரித்துப்போனதை எந்தக் கையாலும் திரும்பக் கொண்டுவர முடியாது. இதை அவர் பெற்றோரிடம் ஒளிக்காமல் சொல்வது மிகப் பிடித்தது. கடைசியில் துண்டை முழங்காலால் கீழே அழுத்திப் பிடிக்கும் பயிற்சி. முன்தொடைத் தசை தேறாவிட்டால் கிடைத்த டிகிரி நிற்காது.

குறை நேரத்தில்தான். கைச்சிகிச்சை மாலை 5 மணிக்கு மேல்தான் என்கிறார்கள். பெரியாஸ்பத்திரியில் காலையில் ஃபேக்டர் 8 போட்டுக்கொண்டு வருகிறவருக்கு அதன் அரை ஆயுள் (ரத்தத்தில் அளவு பாதியாகக் குறையும் நேரம்) சுமார் 8 முதல் 12 மணி நேரம். மாலைக்குள் ஏறக்குறைய பாதி இறங்கியிருக்கும். ஹீமோபிலியா பி உள்ளவர்கள் போடும் ஃபேக்டர் 9க்கு அரை ஆயுள் கூடுதல், ஃபேக்டர் 8-இன் வேலையைச் செய்யும் எமிசிசுமாப் ஊசி போடுகிறவருக்கு அளவு ஒரே சீராக நிற்கும், அவர்களுக்குப் பரவாயில்லை. ஃபேக்டர் 8 போடும் ஹீமோபிலியா ஏ உள்ளவர்களுக்காவது காலையில் ஒரு மணி நேரம் ஒதுக்க வேண்டும். பரமக்குடி, சிவகங்கையிலிருந்து பஸ்ஸில் வருகிறவர்கள் பகல் முழுக்கக் காத்துக் கிடக்கவும் வேண்டாம்.

உதவியாளர்கள் எல்லோருக்கும் பழக்கத்தில் வெந்நீர்ப்பை வைத்துவிடுகிறார்கள். புதிதாகக் கசிந்த மூட்டுக்குச் சூடு ஆகாது. வைக்க வந்தால் வேண்டாமென்று சொல்லிவிடுங்கள். லிஃப்ட் இல்லை, படிக்குக் கைப்பிடி ஒரு பக்கம்தான்.

போகும்போது ஃபேக்டர் போட்ட குறிப்பேட்டை எடுத்துப் போங்கள். அன்றிரவு வலித்தால் பாராசிட்டமால் மட்டும். டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின், இடுப்பில் ஊசி எதுவும் கூடாது. மூட்டில் குறுகுறுப்போ இறுக்கமோ தெரிந்தால் விடியும்வரை பார்க்காமல் ஃபேக்டருக்குக் கிளம்புங்கள்.