ஸ்லீவா, பைபாஸா? பத்து வருஷம் கழித்து எதைப் பராமரிப்பது சுலபம்

எடைக் குறைப்பு அறுவை சிகிச்சைக்குத் தயாராகிறவர்கள் முதலில் கேட்பது, 'எதில் அதிகம் குறையும்?' என்பதைத்தான். அதற்குப் பதில் சுருக்கமானது: இரைப்பையை வெட்டிச் சிறிதாக்கும் ஸ்லீவைவிட, உணவின் பாதையையும் மாற்றும் பைபாஸில் கொஞ்சம் கூடுதல். பின்லாந்தில் 240 பேரை இரண்டு பிரிவாக்கி நடத்திய ஸ்லீவ்பாஸ் ஆய்வின் பத்தாண்டு முடிவில், மிகை எடையில் ஸ்லீவ் செய்தவர்களுக்கு நடுமதிப்பாக (மீடியன்) 43.5 சதவீதமும் பைபாஸ் செய்தவர்களுக்கு 50.7 சதவீதமும் குறைந்திருந்தது. வித்தியாசம் உண்டு, ஆனால் அதை மட்டும் வைத்து முடிவெடுக்கும் அளவுக்குப் பெரியதல்ல. இரண்டிலுமே எடை ஓரிரு வருஷத்தில் அடிமட்டத்தைத் தொட்டுவிட்டு, பிறகு சிறிது ஏறும்.

நான் ஸ்லீவ் பக்கம். அதற்குக் காரணம் எடையல்ல, பராமரிப்பு. எந்த ஆபரேஷனானாலும் மாத்திரையும் வருஷாந்திர ரத்தப் பரிசோதனையும் ஆயுளுக்கும் உண்டு. அவற்றில் தவறினால் உடம்பு எவ்வளவு தூரம் பொறுத்துக்கொள்ளும் என்பதில்தான் இரண்டும் வேறுபடுகின்றன.

உடற்கூறைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். ஸ்லீவில் இரைப்பையின் வெளிவளைவுப் பக்கமாக 75 முதல் 80 சதவீதத்தை வெட்டி எடுத்துவிட்டு, மீதியைக் குழாய் வடிவில் விடுகிறார்கள். இரைப்பையிலிருந்து குடலுக்கு உணவை விடும் வாசல் தசை (பைலோரஸ்) அப்படியே இருக்கிறது. உணவு போகும் பாதையும் மாறுவதில்லை. பைபாஸில் 30 மில்லி அளவுக்கு ஒரு சின்னப் பை மட்டும் மேலே மிஞ்சும். அதை நேராகச் சிறுகுடலின் நடுப்பகுதியில் இணைப்பார்கள். பெரிய இரைப்பை உள்ளேயே இருக்கும், ஆனால் உணவு அதற்குள் போகாது. சிறுகுடலின் முதல் பகுதியையும் உணவு தொடாது. கீழே நான் சொல்லப்போகும் தொல்லைகளில் பாதி இந்தக் கடைசி வாக்கியத்திலிருந்து கிளம்புகிறவை.

மாத்திரை தவறினால்

சீட்டில் எழுதித் தருவதைப் பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். கால்சியம் நாளைக்கு 1200 முதல் 1500 மி.கி., வைட்டமின் டி 3000 யூனிட், பி12 வாய்வழியாக 350 முதல் 1000 மைக்ரோகிராம், இரும்பு 45 முதல் 60 மி.கி., தயமின் (வைட்டமின் பி1) குறைந்தது 12 மி.கி., கூடவே துத்தநாகமும் தாமிரமும் உள்ள ஒரு மல்ட்டிவைட்டமின். இந்த ஒற்றுமையைப் பார்த்துவிட்டுத்தான், 'பராமரிப்பு ஒன்றுதானே, அப்புறம் என்ன?' என்று பலர் தாண்டிப்போகிறார்கள்.

இரும்பை எடுத்துக்கொள்ளுங்கள். உணவிலுள்ள இரும்பைக் கரைக்க அமிலம் வேண்டும், உறிஞ்சச் சிறுகுடலின் முதல் பகுதி வேண்டும். ஸ்லீவில் அமிலம் குறைகிறது, உறிஞ்சும் இடம் தப்பிக்கிறது. பைபாஸில் இரண்டுமே போய்விடுகின்றன. அதனால் ஸ்லீவ் செய்தவருக்கு ஃபெரிட்டின் (இரும்புச் சேமிப்பைக் காட்டும் ரத்த அளவு) இறங்கினால் மாத்திரையை ஒழுங்காகப் போட்டே ஏற்றிவிடப் பெரும்பாலும் வாய்ப்பு உண்டு. பைபாஸில், அதுவும் மாதவிடாய் உள்ள பெண்களுக்கு, நரம்பு வழியாக இரும்பு ஏற்றுவது வரை போவது சகஜம். ஹீமோகுளோபின் நன்றாக இருக்கிறது என்று நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. முதலில் காலியாவது சேமிப்புதான், அதைக் காட்டுவது ஃபெரிட்டின். மாத்திரைப் பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் எண்ணையும் நம்ப வேண்டாம். ஃபெரஸ் சல்ஃபேட் 325 மி.கி. மாத்திரையில் உள்ள இரும்பு 65 மி.கி.தான்.

கால்சியம் இதைவிடச் சூட்சுமமானது. வைட்டமின் டி துணையோடு கால்சியத்தை வலிந்து உறிஞ்சும் வேலை முக்கியமாக நடப்பது அதே முதல் பகுதியில்தான். பைபாஸுக்குப் பிறகு அங்கே வரவு குறையும்போது, பாராதைராய்டு ஹார்மோன் ஏறி எலும்பிலிருந்து கால்சியத்தை எடுத்து ரத்தத்தில் விடும். ஆகவே ரத்தத்தில் கால்சியம் கடைசிவரை நார்மல் என்றே வரும். அந்த ஒரு வரியை மட்டும் பார்த்துவிட்டு ரிப்போர்ட்டை மூடிவைத்தால், எலும்பு கரைவது வருஷக்கணக்கில் தெரியாமல் போகும். வைட்டமின் டி, பாராதைராய்டு ஹார்மோன், கால்சியம் மூன்றையும் ஒரே நாளில் எடுத்துச் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஹார்மோன் ஏறி, டி 30-க்குக் கீழே இருந்தால் முதலில் டி-யைச் சரிசெய்வார்கள். டி சரியாக இருந்தும் ஹார்மோன் ஏறியே இருந்தால், கால்சியம் போதவில்லை என்பதே முதல் சந்தேகம்.

எந்தக் கால்சியம் என்பதும் முக்கியம். கார்பனேட் கரைய அமிலம் வேண்டும், அதனால் சாப்பாட்டோடுதான் போட வேண்டும். அமிலமே குறைந்துபோன வயிற்றுக்கு சிட்ரேட் நல்லது, சாப்பிட்டும் சாப்பிடாமலும் போடலாம். ஆனால் சிட்ரேட்டில் கால்சியம் 21 சதவீதம்தான், கார்பனேட்டில் 40. அதனால் மாத்திரை எண்ணிக்கை கூடும். ஒரு தடவைக்கு 500, 600 மி.கி.க்கு மேல் உடம்பு சரியாக எடுத்துக்கொள்ளாது என்பதால் நாளுக்கு இரண்டு மூன்று வேளையாகப் பிரிக்க வேண்டும். இரும்புக்கும் கால்சியத்துக்கும் நடுவே குறைந்தது இரண்டு மணி நேரம் இடைவெளி. தைராய்டு மாத்திரை போடுகிறவர்கள் அதை வெறும் வயிற்றில் விடியற்காலையில் போட்டு, இரும்பையும் கால்சியத்தையும் நான்கு மணி நேரம் தள்ளிவைக்க வேண்டும். இதையெல்லாம் ஒரே நாளுக்குள் அடைக்கும்போதுதான் எது முதலில் நழுவும் என்பது தெரியும். அநேகமாக மதியக் கால்சியம்.

பி12-இல் இரண்டும் ஒரே படகில்தான். உணவிலிருந்து பி12-ஐ எடுக்க உதவும் புரதம் இரைப்பையில் சுரப்பது. ஸ்லீவில் அந்தப் பகுதியின் பெரும்பங்கை வெட்டி எடுத்துவிடுகிறார்கள், பைபாஸில் அது உணவைச் சந்திப்பதே இல்லை. அதிக அளவில் விழுங்கும்போது அந்தப் புரதத்தின் துணையின்றியே சுமார் ஒரு சதவீதம் உள்ளே போய்விடும் என்பதால்தான் 1000 மைக்ரோகிராம் மாத்திரை வேலை செய்கிறது. மாத்திரை பிடிக்காதவர்களுக்கு மாதம் ஒரு ஊசி. கல்லீரலில் உள்ள சேமிப்பு சில வருஷம் தாங்கும். 'நிறுத்திவிட்டேன், ஒன்றும் ஆகவில்லை' என்று இரண்டாம் வருஷம் சொல்பவருக்கு நான்காம் வருஷம் பாதம் மரத்துப்போவது இப்படித்தான்.

தயமின் இதற்கு நேர்மாறு. சேமிப்பு இரண்டு மூன்று வாரம்தான். எந்த ஆபரேஷனானாலும் நாள்கணக்கில் வாந்தி நிற்காமல், கூடவே தள்ளாட்டம், பார்வை இரட்டையாகத் தெரிவது, குழப்பம் என்று ஏதாவது வந்தால் அது அவசர நிலை. ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றும் முன்னரே தயமின் ஊசி போட வேண்டும். பக்கத்தில் இருப்பவர் அதை வாய்விட்டுக் கேட்கலாம், கேட்கவும் வேண்டும்.

தாமிரம் பற்றி அதிகம் பேர் பேசுவதில்லை. ஆபரேஷன் ஆன மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் முடி கொட்டும். எடை வேகமாகக் குறைவதால் வருவது அது, தானாக நின்று திரும்ப முளைக்கும். ஆனால் பதறிப்போய்த் தனியாக 50 மி.கி. துத்தநாகம் வாங்கி மாதக்கணக்கில் போட்டுக்கொள்பவர்கள் உண்டு. துத்தநாகம் மிகுந்தால் குடல் தாமிரத்தை உள்ளே விடாது. பைபாஸ் செய்தவருக்கு ஏற்கெனவே தாமிர வரவு குறைவு. ரத்தசோகை, காலில் உணர்வு குறைவது, நடை தடுமாறுவது என்று பார்ப்பதற்கு பி12 குறைபாடு மாதிரியே இருக்கும், பி12 கொடுத்தால் தீராது. 8 முதல் 15 மி.கி. துத்தநாகத்துக்கு 1 மி.கி. தாமிரம் என்ற விகிதத்தைக் காப்பாற்றினால் போதும்.

பைபாஸுக்கே உரியவை

முதலாவது இணைப்பிடத்தில் வரும் அல்சர். அமிலத்தையே பார்த்திராத குடல், அமிலம் சுரக்கும் பையோடு நேராகத் தைக்கப்பட்டிருக்கிறது. புண் வருவது அநேகமாகக் குடல் பக்கத்தில்தான். புகையும் வலி மாத்திரையும் முக்கியக் காரணங்கள். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், நாப்ராக்ஸன் ஆகியவை ஆயுளுக்கும் தள்ளிவைக்க வேண்டியவை. பாராசிட்டமால் போடலாம், ஆனால் அதோடு ஐபுப்ரோஃபென் கலந்த மாத்திரைகளும் இருப்பதால் அட்டையின் பின்புறத்தைப் படிக்காமல் விழுங்கக் கூடாது. மூட்டுவலிக்கு இத்தகைய மாத்திரைகளை நம்பியே நடமாடுகிறவருக்கு இது ஒன்றே ஸ்லீவுக்குப் போதுமான காரணம். ஸ்லீவிலும் எச்சரிக்கை தேவைதான், ஆனால் மருத்துவர் சொல்லும் சில நாள் மாத்திரைக்கு இடமிருக்கிறது.

இரண்டாவது, உள்ளுக்குள்ளேயே குடல் பிதுங்குவது. குடலை மாற்றி இணைத்ததில் அதன் மடிப்புகளுக்கு நடுவே இடைவெளிகள் உண்டாகின்றன. எடை குறைந்து அங்குள்ள கொழுப்பு வற்றும்போது அவை அகலமாகும். ஆபரேஷனிலேயே தைத்து மூடினால் ஆபத்து குறையும், முற்றாகப் போகாது. சாப்பிட்டபின் மேல்வயிற்றில் பிசைவது போன்ற வலி வந்து வந்து போவது இதன் அடையாளம். வலி இல்லாத நேரத்தில் எடுத்த சி.டி. ஸ்கேன் நார்மலாகவே வரலாம். வருஷங்கள் கழித்தும் வரும், கர்ப்பத்திலும் வரும். பைபாஸ் ஆனவருக்கு இப்படி வலி தொடர்ந்தால், ஸ்கேன் சுத்தமாக இருந்தாலும் லாப்ராஸ்கோப் வைத்துப் பார்ப்பது வரை போக வேண்டியிருக்கும். ஸ்லீவில் குடலைத் தொடுவதே இல்லை, இந்தப் பயமும் இல்லை.

மூன்றாவது, சாப்பிட்ட பிறகு சர்க்கரை சரிவது. இனிப்பு சாப்பிட்ட அரை மணிக்குள் படபடப்பும் வயிற்றுப்போக்கும் வருவது டம்பிங், ஆரம்பத்திலிருந்தே இருக்கும். ஒன்று முதல் மூன்று மணி நேரம் கழித்து வியர்த்து, கை நடுங்கி, சர்க்கரை 54-க்கும் கீழே போவது வேறு விஷயம். இது ஆபரேஷன் ஆகி ஒரு வருஷத்துக்கு மேல் ஆன பிறகே பெரும்பாலும் தலைகாட்டும். வாகனம் ஓட்டுகிறவர்கள் இதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரு வேளைக்கு மாவுச்சத்து சுமார் 30 கிராமுக்குள், முதலில் புரதம், தண்ணீர் அரை மணி கழித்து என்று மாற்றினாலே பலருக்கு அடங்கும். அடங்காவிட்டால் மாவுச்சத்து செரிப்பதை மெதுவாக்கும் அகார்போஸ் மாத்திரை கொடுப்பார்கள். ஸ்லீவிலும் வரலாம், ஆனால் இரைப்பையின் வாசல் தசை இருப்பதால் குறைவு.

சிறுநீரகத்தில் ஆக்ஸலேட் கல் வரும் வாய்ப்பும் பைபாஸில் கூடும். மெதுவாகக் கரையும் வகை மாத்திரைகள் சரியாக ஏறாமல் போகலாம். ஒதுக்கிவைத்த பெரிய இரைப்பையைச் சாதாரண எண்டோஸ்கோபியில் பார்க்க முடியாது. பித்தக் குழாயில் கல் அடைத்தால் வழக்கமான எண்டோஸ்கோபி வழியும் எட்டாது.

ஸ்லீவின் பலவீனம்

நெஞ்செரிச்சல். இதை மூடிமறைத்து ஸ்லீவைப் பரிந்துரைப்பது நியாயமில்லை. குறுகலான குழாய்க்குள் அழுத்தம் கூடுகிறது, உணவுக்குழாய் இணைகிற இடத்தில் இயற்கையான கோணம் சிதைகிறது. சுவிட்சர்லாந்தின் எஸ்.எம்.-பாஸ் ஆய்வில், முன்னரே எதுக்களிப்பு இருந்தவர்களில் ஐந்து வருஷத்தில் ஸ்லீவ் பிரிவில் 31.8 சதவீதத்தினருக்கு அது மோசமானது, பைபாஸில் 6.3 சதவீதத்தினருக்கு. மேலே சொன்ன பின்லாந்து ஆய்வில் பத்து வருஷத்தில் எண்டோஸ்கோபியில் தெரிந்த உணவுக்குழாய் அழற்சி ஸ்லீவில் 31 சதவீதம், பைபாஸில் 7.

அமிலம் குறைக்கும் மாத்திரையை வருஷக்கணக்கில் போட்டால் இரும்பும் பி12-உம் மேலும் குறையும். பராமரிப்பில் ஸ்லீவுக்கு உள்ள அனுகூலத்தை அது பாதி அரித்துவிடும். எரிச்சலே இல்லாமலும் உணவுக்குழாய் கெடலாம் என்பதால், முதல் வருஷ முடிவில் ஒன்று, பிறகு இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒன்று என எண்டோஸ்கோபி செய்துகொள்வது ஸ்லீவின் தனிச் செலவு. தனி ஆபரேஷனாக ஸ்லீவ் பரவியது 2000-க்குப் பிறகுதான். பைபாஸின் வேர் 1960-களில் இருக்கிறது. ஆகவே முப்பது வருஷத்துக் கணக்கில் ஸ்லீவைப் பற்றி உறுதியாகப் பேச எனக்குத் துணிச்சல் இல்லை.

சர்க்கரை நோய்க்கு பைபாஸ் கொஞ்சம் மேல். ஸ்டாம்பீட் ஆய்வில் ஐந்து வருஷத்தில் எச்.பி.ஏ.1சி (மூன்று மாதச் சராசரி சர்க்கரை அளவு) 6-க்குள் இருந்தவர்கள் பைபாஸில் 29 சதவீதம், ஸ்லீவில் 23, மருந்து மட்டும் எடுத்தவர்களில் 5. இன்சுலினில் பல வருஷம் இருப்பவர் இந்த இடைவெளியை நிதானமாக எடைபோட வேண்டும்.

இரண்டிலும் மாறாதவை சில. நாளைக்கு 60 கிராமாவது புரதம் வேண்டும், கர்ப்பத்தை 12 முதல் 18 மாதம் தள்ளிப்போட வேண்டும், மது முன்பைவிட வேகமாக ஏறும், பழக்கமாகிவிடும் அபாயமும் கூடும். பைபாஸ் செய்த பெண்கள் கருத்தடை மாத்திரையை நம்பாமல் வேறு முறைக்கு மாறுவது பாதுகாப்பு. கர்ப்பத்தில் குளுக்கோஸ் குடித்துச் செய்யும் பரிசோதனை டம்பிங்கைக் கிளப்பும். ஒரு வாரம் வீட்டிலேயே சர்க்கரை பார்த்து எழுதிக் கொடுக்கலாமா என்று முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டுவையுங்கள்.

ஸ்லீவ் சரிப்படாவிட்டால் பைபாஸாக மாற்றலாம், எதுக்களிப்புக்காகவே அப்படி மாற்றுகிறார்கள். பைபாஸிலிருந்து திரும்பும் வழி மிகக் கடினம். ஆனாலும் அந்த நம்பிக்கையில் எல்லோரும் ஸ்லீவுக்குப் போய்விடக் கூடாது. முதலில் எண்டோஸ்கோபி செய்து பாருங்கள். உணவுக்குழாயில் கடுமையான அழற்சியோ பாரெட் மாற்றமோ (நீண்ட நாள் எதுக்களிப்பால் உணவுக்குழாயின் உட்படலம் மாறிவிடுவது) தெரிந்தால் ஸ்லீவை விட்டுவிட்டு பைபாஸுக்கே போங்கள், மதியக் கால்சியத்துக்கு அலாரமும் வைத்துக்கொள்ளுங்கள்.