கூலியை எழுதிப் போட்டிருக்கும் மெஸ்

ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் போகிற ரோட்டில், உச்சிப்புளியைத் தாண்டி மண்டபம் வருவதற்குள், மகளிர் குழுப் பெண்கள் சேர்ந்து நடத்தும் ஒரு மெஸ் இருக்கிறது. மீன் குழம்போடு மதியச் சாப்பாடு 110 ரூபாய், பொரித்த மீனுக்குத் தனிக் காசு. நம்பிப் போய் உட்காரலாம். பெயரைப் போட வேண்டாம் என்று அவர்களே கேட்டுக்கொண்டார்கள், காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். ரோட்டை ஒட்டி நீலத் தகரக் கூரை, வாசலில் பெரிய கரும்பலகை, அடையாளத்துக்கு இது போதும்.

முதலில் சாப்பாடு. மீன் அன்றன்றைக்குப் பாம்பனிலிருந்தும் மண்டபத்திலிருந்தும் வருகிறது, அதனால் விளைமீனா பாறையா ஊளியா என்பது போன பிறகுதான் தெரியும். குழம்புக்கு நம்ம ஊர் முண்டு மிளகாயை, அதுதான் 2023ல் புவிசார் குறியீடு வாங்கிய மிளகாய், வறுத்து இடித்துப் போடுகிறார்கள். நிறம் தூக்கலாக இருக்கும், வயிற்றை எரிக்காது. கடைசியில் தேங்காய்ப்பால் ஊற்றி, கொதி வருவதற்குள் இறக்கிவிடுகிறார்கள். காரல் மீன் கிடைத்த அன்று சொதி வைப்பார்கள், அதைப் பலகையில் எழுதுவதில்லை, கேட்டு வாங்குங்கள். கணவாய்த் தொக்கும் நன்றாக இருக்கிறது, கொஞ்சம் கூட வெந்துவிட்டால் கணவாயை மெல்லவே முடியாது, இங்கே பக்குவம் தெரிந்து இறக்குகிறார்கள்.

குறையும் உண்டு. ரசம் வெறும் புளித்தண்ணீர். ஃபேன் இரண்டுதான், தகரக் கூரைக்கு அது பத்தவே பத்தாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடை இருக்கும்போது நாட்டுப்படகு மீனை மட்டும் நம்பி ஓட்டுகிறார்கள், அந்த 61 நாளும் வகை குறைவு, விலையும் ஏறிவிடும்.

இப்போது பலகைக்கு வருகிறேன், இதை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான். இடது பாதியில் மீன் விலை இருக்கிறது. வலது பாதியில் அந்த மெஸ்ஸில் வேலை பார்ப்பவர்களின் நாள் கூலி. சமையல் 750, கைவேலை (அடுப்படி உதவி) 550, மீன் கழுவி வெட்ட 500, கல்லா 450, பரிமாற 420, பாத்திரம் 420, புரோட்டா மாஸ்டர் (சாயங்காலம் மட்டும்) 900. வருகிற போகிற எல்லோரும் பார்க்கிற மாதிரி, சாக்பீஸில் கொட்டை எழுத்தில்.

எப்படி இந்த யோசனை வந்தது என்று கல்லாவில் இருந்த அக்காவிடம் கேட்டேன். "குழுக் கூட்டத்துல வரவு செலவ சத்தமாத்தானத்தா வாசிக்கிறோம், மெஸ்ஸுக்கு மட்டும் எதுக்கு மறைக்கணும்" என்றார். சரிதான். 1989ல் தர்மபுரியில் ஆரம்பித்த மகளிர் குழுத் திட்டம் அடுத்த சில வருடங்களிலேயே நம்ம மாவட்டத்துக்கும் வந்துவிட்டது. யார் எவ்வளவு சேமித்தார், யார் கடன் வாங்கினார், எவ்வளவு திருப்பிக் கட்டினார் என்று நோட்டைப் பிரித்து எல்லோர் முன்னாலும் வாசித்துப் பழகிய பெண்கள் இவர்கள்.

அந்தப் பலகை இவர்களையே ஒரு பாடு படுத்தியிருக்கிறது. ஆரம்பத்தில் சமையலுக்கு 600தானாம். காலை ஆறு மணிக்கு அடுப்பைப் பற்றவைத்து மூன்று நான்கு மணி வரை வெக்கையில் நிற்கிறவருக்கு 600, சாயங்காலம் ஐந்துக்கு வந்து பத்தரைக்குக் கிளம்புகிறவருக்கு 900. சாப்பிட வந்த ஒரு லாரி டிரைவர் கை கழுவிக்கொண்டே, "என்னக்கா, கொழம்பு வைக்கிற ஆளுக்குப் புரோட்டா வீசுற ஆள விடக் கொறச்சலா?" என்று கேட்டிருக்கிறார். யாருக்கும் பதில் வரவில்லை. அடுத்த கூட்டத்தில் இதுதான் பேச்சு. மாஸ்டர் மேல் தப்பில்லை, வேறு கடைக்குப் போனால் அவருக்கு அதற்குக் குறையாமல் கிடைக்கும், அது அவருக்கே தெரியும். ஏன் தெரியும் என்றால், மாஸ்டர்கள் டீக்கடையில் பார்த்துக்கொள்ளும்போது முதல் கேள்வியே "உனக்கு அங்க எவ்வளவு தர்றாங்க" என்பதுதான். அப்படிக் கேட்டுக் கேட்டே அந்த வேலைக்கு ஒரு விலை நின்றுவிட்டது. சமையல் செய்கிற பெண்கள் ஒருவரையொருவர் அப்படிக் கேட்டதே இல்லை, கேட்பது மரியாதை இல்லை என்று வளர்த்துவிட்டார்கள். அதனால் அவர்கள் வேலைக்குக் கொடுக்கிறவர் சொன்னதுதான் விலை. இங்கே குழு உட்கார்ந்து பேசி 750 ஆக்கியிருக்கிறது. இன்னும் மாஸ்டரை எட்டவில்லை, எட்ட வேண்டும் என்பதுதான் என் கருத்து.

மீதி வித்தியாசம் நேரத்தால் வருகிறது. இரவு பத்தரை வரை நிற்க இந்தப் பெண்களால் முடியவில்லை, பஸ் கிடையாது, வீட்டில் பிள்ளைகள். 2023ல் பொருளாதார நோபல் வாங்கிய கிளாடியா கோல்டின் சொன்னதும் ஏறக்குறைய இதுதான்: இன்றைக்கு ஆண் பெண் சம்பள வித்தியாசத்தில் பெரும்பகுதி வேறு வேறு வேலைகளுக்கு இடையில் இல்லை, ஒரே வேலைக்குள்தான் இருக்கிறது, அதுவும் முதல் குழந்தை பிறந்த பிறகுதான் பெரும்பாலும் விரிகிறது. அவர் ஆராய்ந்தது அமெரிக்காவை, ஆனால் பிள்ளைகளால் நேரம் இடிக்கிற அந்தப் பகுதி இந்த மெஸ் அடுப்படியிலும் தெரிகிறது. இப்போது கைவேலை பார்க்கும் ஒரு பெண் மாஸ்டரிடம் மாவு வீசக் கற்றுக்கொள்கிறார். வீடு பக்கத்திலேயே இருப்பதால் அவரால் இரவு நிற்க முடியும்.

எனக்கு இது ஏன் இவ்வளவு மனதில் தைத்தது என்று சொல்லிவிடுகிறேன். நான் ஒரு தனியார் லேப்பில் டெக்னீஷியன். சம்பளத்தை வெளியில் பேசக்கூடாது என்று சேரும்போதே சொல்லிவிட்டார்கள். எனக்குப் பிறகு சேர்ந்த, அதே படிப்புப் படித்த பையனுக்கு என்னைவிட 3000 ரூபாய் கூட என்று தெரியவந்து கேட்டபோது, "அவன் குடும்பத்தக் காப்பாத்தணும்ல" என்றார்கள். நானும் ஒரு குடும்பத்தைத்தான் காப்பாற்றுகிறேன். ஒரே வேலைக்கு ஒரே கூலி என்று 1976லேயே சட்டம் போட்டாயிற்று, பக்கத்து நாற்காலியின் சம்பளமே தெரியாதவள் எதை வைத்துக் கேட்பாள்?

இந்தக் கடற்கரையில் பெண்கள் செய்யாத வேலை கிடையாது. நண்டு கம்பெனியில் உட்கார்ந்து சதை எடுக்கிறார்கள், கிலோவுக்கு இவ்வளவு என்று கணக்கு. கடல்பாசி எடுக்கப் போகிறவர்கள் விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு பாறையில் மூழ்கி எடுக்கிறார்கள், கரையில் வியாபாரி சொல்வதுதான் எடை, அவர் சொல்வதுதான் விலை, முன்பணம் வாங்கியிருந்தால் வேறு ஆளிடம் கொடுக்கவும் முடியாது. தனியார் பள்ளிக்கூட டீச்சர், துணிக்கடை, நர்ஸ் என்று படித்த பெண்கள் நிலைமையும் பெரிதாக மாறிவிடவில்லை. நூறு நாள் வேலை ஒன்றில்தான் தொகை எல்லோருக்கும் தெரிந்தது. 2025-26க்குத் தமிழ்நாட்டுக்கு 336 ரூபாய் என்று அறிவித்தார்கள், ஆணுக்கும் அதுதான் பெண்ணுக்கும் அதுதான். செய்த வேலையின் அளவு பார்த்துக் குறைத்துக் கொடுத்தால், அறிவித்த தொகை ஏன் குறைந்தது என்று எங்க சித்தி நேராகப் போய்க் கேட்டுவிடுவார். தொகை தெரிந்திருப்பதால்தான் அவரால் கேட்க முடிகிறது.

வெளிநாட்டிலும் இதற்காகச் சட்டம் போட்டிருக்கிறார்கள். பிரிட்டனில் 250 பேருக்குக் குறையாமல் வேலை பார்க்கும் நிறுவனங்கள் ஆண் பெண் சம்பள வித்தியாசத்தை வருடா வருடம் வெளியிட வேண்டும் என்று 2017ல் விதி வந்தது. அதிலும் மொத்த நிறுவனத்தின் வித்தியாசம்தான் தெரியும், என் வேலைக்கு எவ்வளவு என்பது தெரியாது. அந்த விதத்தில் இந்தக் கரும்பலகை ஒரு படி மேல்.

பெயர் விஷயத்துக்கு வருகிறேன். முதலில் ஆள் பெயரையும் சேர்த்துத்தான் பலகையில் எழுதியிருக்கிறார்கள். வாரத் தவணை வசூலிக்க வந்த ஆள் அதைப் பார்த்துவிட்டு, "ஐநூறு வருதுல்ல, அப்பறம் ஏன் தவணைக்கு இழுக்குறீங்க" என்று ஒரு அக்காவை எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டான். இன்னொருவர் வீட்டில், கணவர் கூலியை எண்ணிக் கையில் வாங்க ஆரம்பித்துவிட்டார். அதற்குப் பிறகு பெயரை அழித்துவிட்டு வேலையை மட்டும் எழுதுகிறார்கள். மெஸ் பெயரைப் போட வேண்டாம் என்றதும் இதனால்தான். எனக்கு இது முழுக்க நியாயமாகப் படுகிறது. வேலைக்கு என்ன கூலி என்பது ஊருக்குத் தெரியட்டும், இன்னார் கையில் எவ்வளவு இருக்கிறது என்பது அவரவர் விஷயம்.

கல்லா பக்கத்தில் ஒரு நோட்டு தொங்குகிறது, சாப்பாட்டைப் பற்றியும் கூலியைப் பற்றியும் யாரும் எழுதலாம். ரசத்தைப் பற்றி எழுதினேன். பரிமாறுவதற்கும் பாத்திரத்துக்கும் 420 போதாது, இலைக்கு இரண்டு ரூபாய் ஏற்றினாலும் யாரும் முகம் சுளிக்க மாட்டோம் என்றும் எழுதியிருக்கிறேன். அடுத்த கூட்டத்தில் வாசிப்போம் என்றார்கள். நீங்களும் போனால் எழுதுங்கள். மதியம் ஒன்றரைக்குள் போய்விடுங்கள், இரண்டு மணிக்கெல்லாம் மீன் தீர்ந்துவிடும். ஜிபே உண்டு, புதன்கிழமை லீவு.