எழுதிப் படிப்பதா, குறிப்புச் சீட்டா?

மேடை ஏறப் போகிறவர்களின் குழப்பம் இது: உரையை முழுதாக எழுதிப் படிப்பதா, சீட்டில் நாலு வரி குறித்துக்கொண்டு பேசுவதா?

தயாரிப்பு: எழுதினால் உழைப்பு மேசையிலேயே முடிந்துவிடும். சீட்டு என்றால் மூன்று முறையாவது வாய்விட்டுப் பேசிப் பார்க்க வேண்டும்.

நேரம்: எழுதியது பத்து நிமிடம் என்றால் பத்துதான். சீட்டுக்காரர் மணி அடித்த பிறகும் 'கடைசியாக ஒன்று' என்பார்.

கூட்டத்தோடு ஒட்டுதல்: இதில் சீட்டுக்கே என் ஓட்டு. 1963 ஆகஸ்ட் 28 அன்று வாஷிங்டனில் அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைத் தலைவர் மார்ட்டின் லூதர் கிங் எழுதிய உரையோடுதான் வந்தார். உலகம் நினைவில் வைத்திருக்கும் 'எனக்கொரு கனவு உண்டு' பகுதி அந்தத் தாளில் இல்லை. பாதியில் தாளை விட்டுவிட்டுப் பேசியது. சும்மா வந்துவிடவில்லை, சரிதான்: அதே கனவை ஜூனில் டெட்ராய்ட்டிலும் பேசியிருந்தார்.

நேர்மை: புள்ளிவிவரம், மேற்கோள், பிறர் பெயர் வந்தால் எழுதியதே பாதுகாப்பு. கைதட்டல் சூட்டில் எண்கள் ஊதிப்போகும். ஆனால் வேறொருவர் எழுதித் தந்ததைப் படிப்பவர் கேள்வி நேரத்தில் மாட்டிக்கொள்வார்.

ஆண்டறிக்கை, இரங்கல், மன்னிப்பு: எழுதிப் படியுங்கள். வகுப்பு, ஊர்க்கூட்டம், கல்யாண வாழ்த்து: சீட்டு போதும். பட்டிமன்றம் என்றால் சீட்டுகூடச் சட்டைப்பையிலேயே இருக்கட்டும்.