ஒரே டிவி, ஒரே ரிமோட்டு: குணசேகரனா, முத்துவா, இல்லாட்டி கூம்பியோவா?

நுவரெலியா பக்கத்து தேயிலைத் தோட்டத்து லயத்துல, எங்க வீட்டுல இருக்கறது ஒரே டிவி. அண்ணன் கொழும்புல கடைல நின்ன காலத்துல ஒரு தீபாவளிக்கு தூக்கிட்டு வந்தது, ரிமோட்டுல 9 நம்பர அமுக்குனா வேல செய்யாது, அதுக்கு மேல ரப்பர் பேண்டு வேற. பாக்குறது அம்மா, அண்ணி, நான், சில நாள் பக்கத்து காம்பரா (லயத்து வீடு) மாமி. ராத்திரி 9க்கு விஜய்ல சிறகடிக்க ஆசை, 9:30க்கு சன்ல 'எதிர்நீச்சல் தொடர்கிறது'ங்கற சீரியல். நேரம் மோதலயே, ரெண்டையும் பாத்துட்டு போங்களேன்னு டவுன்ல இருக்கவங்க லேசா சொல்லிருவாங்க. ரெண்டையும் பாத்துட்டு படுக்க 10 தாண்டிரும், அண்ணி 4:30க்கு எழும்பி ரொட்டி தட்டி சம்பல் அரைச்சு புள்ளைய ஸ்கூலுக்கு கெளப்பிவிட்டு பெரட்டுக்கு (காலைல வேலைக்கு பேர் குடுக்குற எடம்) ஓடணும், அப்ப தூக்கம் எங்க? அதான் ஒண்ண வச்சுக்கிட்டு ஒண்ண விடுறதுன்னு பேச்சு வந்துச்சு, அந்தப் பேச்சு ரெண்டு வாரமா முடியல.

மொதல்ல எதிர்நீச்சல். இதுல எனக்கு தனிப் பாசம் இருக்கு. மொத பாகம் ஆரம்பிச்சது 2022 பெப்ரவரியில, நமக்கு கரண்ட் கட் வாட்ட ஆரம்பிச்ச அதே நேரம், மார்ச் கடைசில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் போச்சே, மறக்குமா. பாதி நாள் சீரியல் ஓடும்போது இங்க குப்பி லாம்புதான் எரியும். அடுத்த நாள் கொழுந்து நிறுக்கிற எடத்துல, யாரு வீட்டுல கரண்ட் இருந்துச்சோ அவங்க கதைய சொல்லுவாங்க, மத்தவங்க கேப்பாங்க. அப்பிடி காதால கேட்டே பாதி பார்த்த சீரியல் அது. அந்த வீட்டையே ஆட்டிவைக்கிற மூத்த அண்ணன் ஆதி குணசேகரன் எப்பிடி நடப்பாரு, "ஏய்ம்மா ஏய்"ன்னு எப்பிடி இழுப்பாருன்னு எங்க மாமி நடிச்சு காட்டுனத பாத்துட்டு அப்புறம் நெசமாவே டிவியில அந்த வேஷம் கட்டுன மாரிமுத்துவ பாத்தப்ப, மாமி நல்லா செஞ்சுச்சோன்னு ஒரு சந்தேகம் வந்துச்சு.

மாரிமுத்து 2023 செப்டெம்பர் 8ஆம் தேதி இந்த சீரியலுக்கு டப்பிங் பேசிக்கிட்டு இருக்கும்போதே நெஞ்சு வலி வந்து போயிட்டாரு. அதுக்கப்புறம் வேல ராமமூர்த்தி வந்தாரு, அவரு மோசமில்ல, முறைச்சா பயமாத்தான் இருக்கு. ஆனா மாரிமுத்து குணசேகரன்கிட்ட ஒரு சிரிப்பு இருந்துச்சு, கொடுமையும் பண்ணிட்டு நம்மளயும் சிரிக்க வச்சிருவாரு. அந்த சிரிப்பு போனதோட பாதி உப்பு போயிருச்சுன்னுதான் நான் சொல்லுவேன். மொத பாகம் 2024 ஜூன்ல முடிஞ்சு, அதே வருஷம் டிசம்பர்ல ரெண்டாம் பாகம் வந்துச்சு, கடைசி மருமகள் ஜனனியா நடிக்கிறவங்களும் மாறிட்டாங்க. மத்த மருமகளுங்க ஈஸ்வரி, நந்தினி, ரேணுகா அதே ஆளுங்க, அதுதான் என்னய இன்னும் புடிச்சு வச்சிருக்கு.

அம்மாவுக்கு இந்தக் கதையோட அடிப்படையே ஏறல. படிச்ச பொம்பளைங்க வேலைக்கு போக அந்த வீட்டு ஆம்பளைங்க விடமாட்டாங்கறாங்க, அதுக்கு வருஷக்கணக்கா சண்டை. அம்மா 14 வயசுல கூடை தூக்குனது. "வேலைக்கு போறதுக்கா இவ்வளவு அழுகை? நம்மள போகாதன்னு யாரு சொன்னா, போகலன்னாதான் வைவாங்க"ன்னு ஒரு நாள் சொல்லிச்சு பாருங்க, நானும் அண்ணியும் ஒண்ணும் பேசல. உண்மைதானே, நம்ம பொம்பளைங்க கோப்பிக் காலத்துலருந்து மலை ஏறுறாங்க, அனுமதி கேட்டா ஏறுனாங்க. ஆனா அதே அம்மா, நந்தினி சமைச்சு குடுத்து சம்பாரிச்ச காச புருஷன்காரன் கேக்குற மாதிரி ஒரு சீன் வந்தா மட்டும் டிவிக்கு கிட்ட வந்து குந்திக்கும். அந்தக் காலத்துல அம்மா சம்பளத்தையும் தாத்தாதான் போயி கைநீட்டி வாங்கிட்டு வருவாராம், கிலோ கொறஞ்சு அரைப்பேரு (அரை நாள் சம்பளம்) விழுந்தா மட்டும் ஏச்சு அம்மாவுக்கு. ஆக அந்த சீரியல் நம்மளுக்கு பொருந்துற எடம் வேற, அத எடுத்தவங்க நெனச்ச எடம் வேற.

இதுல பெரிய கொறை இழுவைதான். மொத பாகத்துல குணசேகரன் தங்கச்சி ஆதிரை கல்யாணம், இதுல அவரு மகன் தர்ஷன் கல்யாணம். மாப்பிள்ளை மணவறையில இருக்காரா இல்லையான்னு நாள்கணக்கா ஓட்டுனாங்க. நம்ம தோட்டத்து 1000 ரூபா நாள் சம்பளம் மாதிரி, 2015ல கேக்க ஆரம்பிச்சு 2021லதான் கைக்கு வந்துச்சு, இடையில எத்தன பேச்சுவார்த்தை. இயக்குனர் திருச்செல்வத்துக்கு இது புதுசும் இல்ல, கோலங்கள 2003லருந்து 2009 வரைக்கும் 1533 எபிசோட் கொண்டுபோன மனுஷன். அதையும் முழுசா பாத்தவங்கதான் நாங்க, அது வேற கதை.

சிறகடிக்க ஆசை 2023 ஜனவரியில வந்துச்சு. முத்து கார் ஓட்டுறான், மீனா பூ கட்டுறா, மாமியார் விஜயாவுக்கு காசுக்கார மருமகள்களத்தான் கண்ணுல தெரியும். கேக்க எல்லா சீரியலும் இப்பிடித்தான்னு தோணும். ஆனா இதுல காசுக்கு கணக்கு இருக்கு. மத்த சீரியல்ல கோடி கோடின்னு பேசுவாங்க, யாரு எங்க உழைச்சாங்கன்னே தெரியாது. இதுல முத்துவோட அண்ணன் மனோஜ் அப்பாவோட 27 லட்சத்த தூக்கிட்டு போயி ஏமாந்தான்னா, அந்த 27 லட்சம்ங்கற பேச்சு வருஷக்கணக்கா விடாம வருது. எங்க வீட்டுலயும் அப்பிடித்தான், சித்தப்பா 2009ல வாங்குன கைமாத்த இன்னைக்கும் பேசுவோம்.

எங்கள கட்டிப்போட்டது அந்த ரூம் பிரச்சினை. மூணு அண்ணன் தம்பி, மூணு ஜோடி, ரூம் பத்தல, முத்துவும் மீனாவும் ஹால்ல படுக்குறாங்க. நம்ம எட்டடி காம்பராவுல கல்யாணம் கட்டுன ரெண்டு புள்ளைங்களோட அப்பா அம்மா எப்பிடி இருந்தாங்கன்னு யாருக்கும் வெளக்கணுமா? அண்ணன் கல்யாணம் முடிச்ச புதுசுல நானும் அம்மாவும் ஆறு மாசம் இஸ்தோப்புல (வாசத் திண்ணை) படங்கு கட்டிக்கிட்டு படுத்தோம், நுவரெலியா பக்கத்து ஜனவரிக் குளிரு, கம்பளி ரெண்டு. மீனா பாயை ஓரமா சுருட்டி வைக்கிற சீன் வந்தப்ப அண்ணி எழும்பி தேத்தண்ணி ஊத்தப் போயிருச்சு. அழுதுச்சான்னு நான் கேக்கல.

இதுலயும் இழுவை இல்லாம இல்ல, மனோஜ் பொண்டாட்டி ரோகிணி பொய் ஒண்ணு வெளிய வந்தா உள்ள இன்னும் ரெண்டு கெடக்கும், மாட்டிக்குவா மாட்டிக்குவான்னு பாத்தா ஒரு போன் வந்து காப்பாத்திரும். ஆனா முத்துவா நடிக்கிற வெற்றி வசந்தும் மீனாவா வர்ற கோமதி பிரியாவும் சண்டை போட்டாக்கூட புருஷன் பொண்டாட்டி மாதிரியே போடுறாங்க, மேக்கப் போட்டுக்கிட்டு வசனம் ஒப்பிக்கிற மாதிரி இல்ல. அப்பாவா வர்ற சுந்தர்ராஜன் சும்மா உக்காந்திருந்தாலே போதும்.

பாண்டியன் ஸ்டோர்ஸ் 2வும் பாத்தோம், கடைக்கார குடும்பம், அப்பா சொன்னதுதான் சட்டம். பழைய பாண்டியன் ஸ்டோர்ஸ்ல அண்ணன் தம்பிங்க ஒத்துமையா இருந்தது பாக்க சுகம், இதுல அப்பா கத்துறதையே பாதி நேரம் கேக்கணும். அண்ணன் மட்டும் ஆசையா பாப்பான், ஏன்னு எங்க எல்லாருக்கும் தெரியும்.

இப்ப மூணாவதா நான் ஒண்ண கொண்டு வந்தேன், அதுலதான் வீட்டுல பெரிய சத்தம். கூம்பியோ. 2017ல ஐடிஎன் சேனல்ல போன சிங்கள தொடர், லக்மால் தர்மரத்ன எடுத்தது. ஊருலருந்து கொழும்புக்கு வர்ற ஒரு பொடியன் ஜெஹான்னு ஒரு கெட்டிக்கார ஏமாத்துக்காரன்கிட்ட சேருறான், மெல்ல மெல்ல அரசியல்வாதிங்க வரைக்கும் போகுது. இதுல மாமியார் மருமகள் இல்ல, இடிச் சத்தம் இல்ல, ஒரே மூஞ்சிய மூணு தரம் திருப்பிக் காட்டுறது இல்ல. நம்ம லயத்துலருந்து கொழும்பு கடைக்கு போன பொடியங்க எத்தன பேரு, அவங்களுக்கு மொத மாசம் என்ன நடந்துச்சுன்னு அவங்க வீட்டுல சொன்னதே கெடையாது, இதப் பாத்தா கொஞ்சம் வெளங்கும். அண்ணன் ரெண்டு எபிசோட் பாத்துட்டு பேசாம வெளிய போயிட்டான்.

சிங்களம் பாக்குறது எங்களுக்கு புதுசும் இல்ல. 2012ல ரூபவாஹினி டிவியில சுஜாத தியணின்னு ஒரு கொரியத் தொடர சிங்களத்துல போட்டப்ப இந்த லயமே அதுக்கு முன்னாடிதான் இருந்துச்சு, கொரிய அரண்மனை சமையல பாத்துட்டு இங்க கோவாவும் (முட்டைக்கோசு) கரட்டும் வெட்டுவோம். அது கொரியாவுல 54 எபிசோட்ல முடிஞ்ச கதை. முடிவு தெரிஞ்சு எழுதுனா கதை எப்பிடி நிமிந்து நிக்குதுன்னு அதுல பாக்கலாம், நம்ம தமிழ் சீரியல்ல எனக்கு இருக்கற ஒரே கோவம் அதுதான்.

ஆக என் தீர்ப்பு, தெனமும் பாக்குறதுக்கு முத்து மீனா. எதிர்நீச்சலுக்கு காலைல யூடியூப் ப்ரோமோ ஒரு நிமிஷம் போதும், வாரத்துல ஒரு நாள் முழுசா பாத்தா கதை புரியும், நெசமா ஒண்ணும் நழுவாது. மழைக்காலத்துல டிஷ் சிக்னல் எப்பிடியும் போயிரும், அப்ப போன்ல கூம்பியோ.

நேத்து அப்பிடித்தான், ஏழு மணிக்கே மழை புடிச்சுக்கிச்சு, டிவியில கோடு கோடா. செல்போன சீனி டின்னுல சாச்சு வச்சு நாலாவது எபிசோட் போட்டேன். அம்மாவுக்கு சந்தையில பழகுன சிங்களம், எங்களவிட நல்லாவே வெளங்குது, அண்ணிக்கு அம்மாதான் இடையில தமிழ்ல சொல்லிச்சு. ஜெஹான் ஒருத்தன ஏமாத்திட்டு சிரிக்கிறான், அம்மா கேட்டுச்சு, "இவன் எப்ப மாட்டுவான்?"

"இன்னும் நெறைய இருக்கும்மா."

"அப்ப அத ஆஃப் பண்ணு, மழை விட்டுருச்சு, குணசேகரன் வந்துருப்பான்."