ஏ2 பால் நிறுவனப் பங்கா, வழக்கமான பால் நிறுவனப் பங்கா?

மாதவரம் பால்பண்ணையைப் பார்த்து வளர்ந்த வடசென்னைக்காரர்களுக்குப் பால் தொழில் புதிதன்று. ஆயினும் ஆவின் கூட்டுறவு அமைப்பு என்பதால் அதன் பங்கைச் சந்தையில் வாங்க இயலாது. பெரம்பூரில் என்னிடம் யோசனை கேட்ட ஓய்வுபெற்ற உறவினர், ஏ2 வகைப் புரதம் மட்டுமே கொண்ட பாலை விற்கும் நியூசிலாந்தின் ஏ2 மில்க் நிறுவனத்துக்கும், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட வழக்கமான பால் நிறுவனமான ஹட்சன் அக்ரோவுக்கும் இடையே தயங்கினார்.

வாங்கும் வழி: ஹட்சனுக்குப் பங்குகளை மின்னணு வடிவில் வைக்கும் சாதாரண டீமேட் கணக்கு போதும். ஏ2-க்கு வெளிநாட்டுத் தரகுக் கணக்கும் நாணய மாற்றுச் செலவும் சேரும். வருமான வரிப் படிவத்தில் வெளிநாட்டுச் சொத்தையும் காட்ட வேண்டும்.

லாபத்தின் அடிப்படை: ஹட்சன், கொள்முதல் விலைக்கும் விற்பனை விலைக்கும் இடையிலுள்ள குறுகிய இடைவெளியை நம்புகிறது. ஏ2 நிறுவனமோ, ஏ2 பால் உடலுக்கு நல்லது என்று எண்ணிக் கூடுதல் விலை தரத் துணியும் வாடிக்கையாளரின் நம்பிக்கையைச் சார்ந்திருக்கிறது.

அந்த நம்பிக்கைதான் சிக்கல். பாலிலுள்ள பீட்டா கேசின் புரதத்தின் 67-ஆம் இடத்தில் ஏ1 வகையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலமும் ஏ2 வகையில் புரோலின் என்ற அமினோ அமிலமும் இருப்பது உறுதி. ஏ1 செரிக்கும்போது பிரியும் பிசிஎம்-7 என்ற புரதத் துணுக்கு நோய் தரும் என்ற கூற்றுக்கோ, காரண-விளைவுத் தொடர்பு நிறுவப்படவில்லை என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2009-இல் கூறியது. சிலருக்கு வயிற்று உபாதை குறைவதாகச் சிறு ஆய்வுகள் உண்டு. இந்தியாவில் 2024 ஆகஸ்டில் ஏ1, ஏ2 முத்திரைகளை நீக்கச் சொன்ன உணவுப் பாதுகாப்பு ஆணையம், சில நாள்களிலேயே அந்த உத்தரவைத் திரும்பப் பெற்றது. (எருமைப் பால் இயல்பாகவே ஏ2 வகை என்பதை விளம்பரங்கள் சொல்வதில்லை.)

ஏற்ற இறக்கம்: 2020-இல் சுமார் 20 ஆஸ்திரேலிய டாலரைத் தொட்ட ஏ2 பங்கு, சீனாவுக்கான குழந்தைப் பால்மாவு விற்பனை சரிந்ததால் 2021-இல் பாதிக்கும் கீழே இறங்கியது.

ஓய்வூதியப் பணத்துக்கு ஹட்சனே பொருந்தும், அதுவும் அந்தப் பணத்தின் சிறு பகுதிக்கு மட்டும். இழந்தாலும் வீட்டுச் செலவு தடைபடாத இளையவர், சீனச் சந்தையைத் தொடர்ந்து கவனிப்பவரானால், ஏ2-ஐப் பரிசீலிக்கலாம்.